சின்ன லேத் மெசின்: பொருத்துவதும் ஓட்டுவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கராஜ், வெல்டிங் பட்டறை, அரிசி ஆலை, வள்ளத் திருத்தம் என்று மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஒரு சின்ன லேத், அதாவது இரும்பைச் சுழற்றிக் கடையும் மெசின், வைக்க நினைப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இங்கே உள்ளன. அளவெல்லாம் மில்லிமீட்டரில். நூல் கணக்கில் பழகியவர்களுக்கு, ஒரு நூல் என்பது 3.175 மி.மீ.

எந்த லேத் வாங்கலாம்? புதிதா, பழையதா?

என்ன வேலை வரும் என்பதைப் பொறுத்தது. கிடைப்பவை மூன்று வகை. முதலாவது சீனத்து மினி லேத். 40 கிலோ சொச்சம் எடை, ஏற்றக்கூடிய பொருளின் விட்டம் 180 மி.மீ. வரை, நீளம் 300 அல்லது 350 மி.மீ. வரை. வேகத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கலாம், வீட்டுக் கரண்டிலேயே ஓடும். புஷ், ஸ்பேசர், பின், மோட்டார் சைக்கிள் சாமான், தண்ணீர்ப் பம்பின் ஷாஃப்ட் இவற்றுக்குப் போதும். லாண்ட்மாஸ்டர் (இரு சக்கர உழவு மெசின்) அச்சையோ ஆலையின் பெல்ட் புல்லியையோ இதில் ஏற்ற முயல வேண்டாம்.

இரண்டாவது, மைஃபோர்ட் எம்.எல்.7 போன்ற பழைய இங்கிலாந்து மெசின்கள். நல்ல நிலையில் கிடைத்தால் மினி லேத்தை விட எவ்வளவோ உறுதி. எல்லாம் அங்குலக் கணக்கு என்பதை மட்டும் மறக்கக் கூடாது. மூன்றாவது, நாலரை அடி பெட் (மெசினின் நீளமான அடிப்பாகம்) உள்ள இந்திய மெசின். ஒழுங்கான பட்டறை வேலைக்கு இதுதான் சரி. ஆனால் இடமும், பெரும்பாலும் மூன்று ஃபேஸ் கரண்டும் வேண்டும்.

பழைய மெசினைப் பார்க்கப் போனால் எதைச் சோதிக்க வேண்டும்?

பெயிண்டைப் பார்க்காதீர்கள். விற்பதற்கு முதல் நாள் அடித்ததாக இருக்கும். சாடிலை (டூலைத் தாங்கிப் பெட்டில் ஓடும் பகுதி) சக்குக்கு (கம்பியைப் பிடித்துச் சுழலும் பிடி) பக்கத்தில் கொண்டுவந்து, லேசாக இறுகும்வரை கிப் ஸ்குரூவை (நழுவும் பகுதியின் தளர்வைச் சரிசெய்வது) முறுக்குங்கள். பிறகு டெயில் ஸ்டொக் (கம்பியின் மறுநுனியைத் தாங்கும் பகுதி) பக்கம் தள்ளுங்கள். அங்கே போகப் போக இறுகிப் பிடித்தால், பெட் சக்கின் அருகே தேய்ந்துவிட்டது என்று பொருள். எல்லோரும் வேலை செய்வது அந்த ஒரு சாண் இடத்தில்தானே.

அடுத்து ஸ்பிண்டில், அதாவது சக்கைச் சுழற்றும் அச்சு. சக்கில் 300 மி.மீ. கம்பி ஒன்றைப் பிடித்து, டயல் கேஜின் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) முனையை ஸ்பிண்டிலின் மூக்கில் வைத்து, கம்பியின் வெளி நுனியைக் கையால் மேலே தூக்குங்கள். முள் 0.01, 0.02 அசைந்தால் பெயரிங்கை இறுக்கிச் சரி செய்யலாம். 0.05க்கு மேல் போனால் பெயரிங் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். சேஞ்ச் கியர்கள் (மாற்றிப் போடும் பல்சக்கரங்கள்) எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். குறைந்தால் மரை (திருகுப் புரி) வெட்டும்போதுதான் அது தெரியவரும்.

வீட்டுக் கரண்ட் போதுமா?

நமது வீட்டு லைன் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஒரு குதிரைவலு சிங்கிள் ஃபேஸ் மோட்டர் ஓடும்போது 5, 6 ஆம்பியர் எடுக்கும். தொடங்கும் நொடியில் அதன் ஐந்து மடங்குக்கு மேலும் போகும். எனவே 13 ஆம்பியர் பிளக்கில் நீட்டு வயர் போட்டு ஓட்டாதீர்கள். டிஸ்ட்ரிபியூஷன் போர்டிலிருந்து 2.5 சதுர மி.மீ. வயரில் தனி லைன் இழுத்து, தனி பிரேக்கரும் 30 மில்லி ஆம்பியர் ட்ரிப் சுவிட்சும் போடுங்கள். கரண்ட் போய்த் திரும்ப வந்தால் தானாக ஓடத் தொடங்காத சுவிட்ச் கட்டாயம். சக்கைக் கையால் பிடித்து அளந்துகொண்டிருக்கும்போது கரண்ட் வந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால் போதும்.

போஸ்டிலிருந்து தூரமான வீடுகளிலும், அரிசி ஆலை ஓடும் லைனிலும் மாலையில் வோல்டேஜ் இறங்கும். மோட்டர் முனகிக்கொண்டு மெதுவாகத் தொடங்கினால், மோட்டரைக் குறை சொல்வதற்கு முன் ஓடும் நேரத்தில் பிளக்கிலேயே வோல்டேஜை அளந்து பாருங்கள். 216க்குக் கீழே இறங்கினால் கரண்ட் தருபவர்களிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது.

கல்லடி, காத்தான்குடிப் பக்கத்து மணல் நிலத்தில் எர்த் ரொட்டை மேல் மணலில் செருகிவிட்டுப் போவார்கள். கச்சான் காற்று வீசும் வெயில் காலத்தில் அந்த மணல் காய்ந்து எர்த் இல்லாமலே போகும். ஈரம் இருக்கும் ஆழம்வரை ரொட் இறங்க வேண்டும்.

மூன்று ஃபேஸ் மோட்டர் உள்ள லேத்தை சிங்கிள் ஃபேஸில் ஓட்ட முடியுமா?

இன்வெர்ட்டர் ட்ரைவ் (சிங்கிள் ஃபேஸை மூன்று ஃபேஸாக மாற்றித் தரும் கருவி) போட்டால் முடியும். முதலில் மோட்டரின் தகட்டை வாசியுங்கள். "230/400" என்று இருந்தால், டெல்டாவாக மாற்றிக் கட்டி 230 வோல்ட் ட்ரைவில் ஓட்டலாம். "400/690" என்று இருந்தால் சாதாரண சிங்கிள் ஃபேஸ் ட்ரைவ் சரிவராது. மோட்டரை மாற்றுவதே சுருக்கமான வழி. ட்ரைவுக்கும் மோட்டருக்கும் நடுவில் சுவிட்ச் வைக்கக் கூடாது. ஓடும்போது அதைத் திறந்தால் ட்ரைவ் போய்விடும்.

எங்கே வைப்பது? மேசை எப்படி இருக்க வேண்டும்?

வாவிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கும் ஊரில் உப்புக் காற்று எந்தப் பக்கமிருந்தும் வரும். கடல் பக்கத்து ஜன்னலுக்கு எதிரே மெசினை வைக்காதீர்கள். கிரைண்டருக்கும் வெல்டிங்குக்கும் பக்கத்திலும் வேண்டாம். கிரைண்டர் தூசு பெட்டில் விழுந்து ஒயிலோடு சேர்ந்தால் அதுவே தேய்க்கும் பசை.

மினி லேத்துக்கு 50×50×5 ஆங்கிள் அயர்னில் கால்கட்டு அடித்து, மேலே 10 மி.மீ. தகடு போடுங்கள். பலகையாக இருந்தால் இரண்டு அங்குலத் தடிப்பாவது வேண்டும். மெசினோடு வரும் ரப்பர்க் கால்களைக் கழற்றி வைத்துவிட்டு, தகட்டோடு நேராகப் பொல்ட் போடுங்கள். ரப்பரில் நிற்கும் லேத் ஆடும். அந்த ஆட்டம் வேலையில் (கடையும் பொருளில்) வரிவரியாக விழும். ஸ்பிண்டிலின் நடு உங்கள் முழங்கை உயரத்தில் இருந்தால் முதுகு வலிக்காது.

நாலரை அடி மெசினுக்குத் தரை முக்கியம். மணலின் மேல் ஒரு அங்குலச் சீமெந்து பூசிய தரை தாங்காது, வெடித்து இறங்கும். மெசின் நிற்கும் இடத்தை வெட்டி எடுத்து 150 மி.மீ. கொங்கிரீட் போட்டு, மூன்று நான்கு வாரம் காயவிட்டு ஏற்றுங்கள். மாரியில் வெள்ளம் ஏறும் இடமென்றால் அந்த மேடையை இன்னும் உயர்த்தி, மோட்டரும் சுவிட்ச் பெட்டியும் பழைய வெள்ள அடையாளத்துக்கு மேலே வரும்படி பாருங்கள்.

பெட்டியைத் திறந்ததும் ஓட்டலாமா?

வேண்டாம். மேலே பூசி வரும் செந்நிறப் பசை ஒயில் அல்ல, துரு பிடிக்காமல் இருக்கப் பூசியது. மண்ணெண்ணெயில் துணி நனைத்துத் துடையுங்கள். பெற்றோல் வேண்டாம். கிராஸ் ஸ்லைட் (டூலைக் குறுக்கே நகர்த்துவது), கொம்பவுண்ட் (அதன் மேலே, கோணத்தில் திருப்பக்கூடியது) இரண்டையும் கழற்றிப் பாருங்கள். மலிவு மெசின்களில் உள்ளே வார்ப்பு மணலும் பிசிரும் இருக்கும். கூரான ஓரங்களை எண்ணெய்க் கல்லால் லேசாகத் தேய்த்து எடுத்து, ஒயில் பூசித் திரும்பப் பூட்டுங்கள்.

பிறகு கிப். வரிசையாக மூன்று நான்கு சின்ன ஸ்குரூவும் லொக் நட்டும் இருக்கும். நடுவிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்குங்கள். கைப்பிடியைச் சுற்றும்போது ஒரே சீரான பிடிப்பு இருக்க வேண்டும். சிக்கக் கூடாது, தளரவும் கூடாது. லொக் நட்டை இறுக்கும்போது ஸ்குரூவும் கூடத் திரும்பும், அதைச் சாவியால் பிடித்துக்கொள்ளுங்கள். புது மெசினை விற்றுவிட நினைப்பவர்களில் பாதிப்பேர் இந்த ஒரு மணித்தியால வேலையைச் செய்யாதவர்கள்.

சக் இல்லாமல் குறைந்த வேகத்தில் பத்து நிமிடம், நடு வேகத்தில் பத்து நிமிடம், அதிக வேகத்தில் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஸ்பிண்டில் இருக்கும் ஹெட் ஸ்டொக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைத்திருக்க முடியவில்லை என்றால் பெயரிங் இறுக்கம் கூடிவிட்டது.

லெவல் பார்க்கிறது அவ்வளவு முக்கியமா?

மேசன் லெவலில் குமிழி நடுவில் நிற்பது லேத்துக்குப் போதாது. நமக்கு வேண்டியது தரைமட்டம் அல்ல, பெட் முறுகாமல் இருப்பது. சரிந்த கப்பலில்கூட லேத் சரியாகக் கடையும், பெட் மட்டும் முறுகியிருக்கக் கூடாது. அதைக் கண்டுபிடிக்க விலை கூடிய லெவல் தேவையில்லை, ஒரு கம்பி போதும்.

25 மி.மீ.க்குக் குறையாத மைல்ட் ஸ்டீல் கம்பியைச் சக்கில் பிடித்து 120 மி.மீ. வெளியே விடுங்கள். டெயில் ஸ்டொக் சென்டர் (கம்பியின் நுனியைத் தாங்கும் கூர்முனை) போட வேண்டாம். நடுப்பகுதியை ஒரு மில்லிமீட்டர் குறைத்துக் கடைந்து, சக்குக்குப் பக்கத்தில் ஒன்று, வெளி நுனியில் ஒன்று என்று இரண்டு வளையம் விடுங்கள். கூரான டூலால், கிராஸ் ஸ்லைட்டைத் தொடாமல், இரண்டு வளையத்தின் மேலும் ஒரே ஓட்டத்தில் 0.05 ஆழம் எடுங்கள். மைக்ரோமீட்டரால் இரண்டையும் அளந்து பாருங்கள்.

வெளி வளையம் பெரிதாக இருந்தால் அந்த நுனியில் டூல் வேலையை விட்டு விலகி நிற்கிறது. டெயில் ஸ்டொக் பக்கத்தில், உங்கள் பக்கமுள்ள முன் காலின் கீழ் மெல்லிய தகடு வைத்து உயர்த்துங்கள். அப்போது பெட்டின் தலை பின்னால் சாயும், டூல் வேலையை நெருங்கும். வெளி வளையம் சின்னதாக இருந்தால் பின் காலை உயர்த்துங்கள். பொல்ட்டை இறுக்கி, திரும்பவும் கடைந்து, திரும்பவும் அளந்து பாருங்கள். தகட்டுக்குச் சோடா டின்னை வெட்டினால் போதும், ஒரு தகடு ஏறத்தாழ 0.1 மி.மீ. இருக்கும். 100 மி.மீ. தூரத்துக்கு 0.01க்குள் வந்தால் விட்டுவிடலாம். மினி லேத்தின் பெட் குட்டையும் கெட்டியும் ஆனதால் காலில் தகடு வைத்து ஓரளவுதான் திருத்த முடியும். மிச்சம் ஹெட் ஸ்டொக் திரும்பி நிற்பதால் இருக்கலாம்.

கொங்கிரீட் மேடை புதிதென்றால் ஆறு மாதம் கழித்து இதை ஒருமுறை திரும்பப் பாருங்கள்.

சென்டர் போட்டுக் கடைந்தால் மட்டும் ஒரு பக்கம் சாய்கிறது. ஏன்?

அது பெட் அல்ல, டெயில் ஸ்டொக். டெயில் ஸ்டொக் பக்கம் பெரிதாக வந்தால் அது பின்னால் தள்ளி நிற்கிறது. விட்ட வித்தியாசத்தின் பாதியளவு உங்கள் பக்கம் இழுங்கள். 0.08 வித்தியாசம் என்றால் 0.04. டயல் கேஜை டெயில் ஸ்டொக்கின் பக்கவாட்டில் வைத்து முள்ளைப் பார்த்து இழுத்தால் ஒரே தடவையில் முடியும்.

டூல் எது? எப்படிக் கூர் பிடிப்பது?

சின்ன லேத்துக்கு எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல்தான் நல்லது. 8 அல்லது 10 மி.மீ. சதுரத் துண்டு வாங்கி நீங்களே தீட்டுங்கள். கார்பைட் நுனிக்கு வேகமும் கெட்டியான மெசினும் வேண்டும். மெதுவான மெசினில் அது வெட்டாமல் தேய்க்கும், நுனியும் உடையும். வெல்டிங் அடித்த ஷாஃப்ட், வார்ப்பிரும்பின் தோல் போன்றவற்றுக்கு மட்டும் கார்பைட் வைத்திருங்கள்.

மைல்ட் ஸ்டீலுக்கு, முன்பக்கமும் இடப்பக்கமும் கீழே 8 முதல் 10 பாகை உள்வாங்க வேண்டும். மேல்முகம் 10 முதல் 15 பாகை சரிய வேண்டும். பித்தளைக்கு மேல்முகம் தட்டை. சரிவு வைத்தால் டூல் உள்ளே இழுத்துக்கொண்டு போய் வேலையைப் பிடுங்கும். நுனியை எண்ணெய்க் கல்லில் அரை மில்லிமீட்டர் உருண்டையாக்குங்கள். தீட்டும்போது எச்.எஸ்.எஸ்.ஸைத் தண்ணீரில் தோய்க்கலாம். சூடான கார்பைட்டைத் தோய்த்தால் வெடிக்கும்.

டூல் உயரம் சரியா என்று எப்படித் தெரியும்?

வேலைக்கும் டூல் நுனிக்கும் நடுவில் ஒரு ஆறங்குல ஸ்டீல் ஸ்கேலை வைத்து, டூலை லேசாக முன்னால் தள்ளிப் பிடிக்கச் செய்யுங்கள். மோட்டர் ஒஃபில் இருக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. ஸ்கேல் நேராக நின்றால் டூல் நடுவில் இருக்கிறது. ஸ்கேலின் தலை உங்கள் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்வு, அந்தப் பக்கம் சாய்ந்தால் உயரம். முகம் எடுத்து (கம்பியின் நுனியைத் தட்டையாகக் கடைந்து) முடியும்போது நடுவில் ஒரு முலை மிச்சமிருந்தாலும் இதே குற்றம்தான். தாழ்வாக இருந்தால் உடைந்த ஹாக்சோ பிளேட்டை டூலின் கீழ் வைத்து உயர்த்துங்கள்.

என்ன வேகத்தில் ஓட்டுவது?

மைல்ட் ஸ்டீலுக்கு 8000ஐ விட்டத்தால் வகுங்கள். 25 மி.மீ. கம்பிக்கு நிமிடத்துக்கு 320 சுற்று, 40க்கு 200. எச்.எஸ்.எஸ்.ஸுக்கு நிமிடத்துக்கு 25 மீற்றர் என்ற வெட்டு வேகத்திலிருந்து வந்த கணக்கு இது. வார்ப்பிரும்புக்கு 6000, ஸ்டெயின்லெஸுக்கு 4800, பித்தளைக்கு 19000, அலுமினியத்துக்கு 24000 என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு 1500 என்று சொன்னாலும் சக்கில் வேலை சமமில்லாமல் ஆடினால் அந்த வேகத்துக்குப் போகக் கூடாது.

மினி லேத்தில் வேகக் குமிழைக் குறைத்தால் வலுவும் குறையும். பெரிய விட்டம் கடையும்போது ஹெட் ஸ்டொக்கின் பின்னாலுள்ள லீவரைத் தாழ்ந்த கியரில் போடுங்கள். லீவரை மாற்றுவது ஸ்பிண்டில் நின்ற பிறகே. உள்ளே பிளாஸ்டிக் பல்.

மைல்ட் ஸ்டீலில் ஒரு ஓட்டத்துக்கு 0.5 மி.மீ. ஆழம் மினி லேத்துக்கு வசதி. விட்டத்தில் அது 1 மி.மீ. உங்கள் டயல் ஆழத்தைக் காட்டுகிறதா விட்டத்தைக் காட்டுகிறதா என்று முதல் நாளே கடைந்து, அளந்து பாருங்கள்.

சக்கில் பிடித்தால் கம்பி சுற்றி ஆடுகிறது. சக் பழுதா?

மூன்று ஜோ (பிடிக்கும் தாடை) சக்கில் 0.05 முதல் 0.1 மி.மீ. ஆட்டம் இயல்பு. ஜோக்களுக்கு 1, 2, 3 என்று இலக்கம் உண்டு. முறை மாறிப் போட்டிருந்தால் ஆட்டம் பெரிதாகவே தெரியும். பின்தட்டுக்கும் சக்குக்கும் நடுவில் ஒரு சுருள் சிக்கியிருந்தாலும் அப்படித்தான். கம்பியைப் பிடித்தபின் கழற்றாமல் எல்லா முகத்தையும் ஒரே பிடியில் கடைந்துவிட்டால் இந்த ஆட்டம் வேலையைப் பாதிக்காது. கழற்றித் திருப்பிப் பிடிக்க வேண்டிய வேலைக்கு நாலு ஜோ சக். டயல் கேஜை வைத்து எதிரெதிர் ஜோவாக ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்கினால் 0.01க்குக் கொண்டுவரலாம். பழக முதலில் அரை மணித்தியாலம் எடுக்கும், பிறகு ஐந்து நிமிடம்.

அலறுகிறது, வேலையில் அலையலையாக வரி விழுகிறது. என்ன செய்ய?

எங்கோ ஒன்று ஆடுகிறது. டூல் போஸ்டுக்கு வெளியே டூல் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று பாருங்கள். டூலின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டாம். வேலை சக்குக்கு வெளியே விட்டத்தின் மூன்று மடங்குக்கு மேல் நீண்டால் சென்டர் போட வேண்டும். கொம்பவுண்ட் பின்னால் போய்த் தொங்கிக்கொண்டிருக்கலாம். கிப் தளர்ந்திருக்கலாம். டூல் நுனி உருண்டை அதிகமாயிருக்கலாம். எல்லாம் சரியென்றால் வேகத்தைக் குறைத்து ஃபீடை (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரம்) கூட்டுங்கள். பயந்து மெல்ல மெல்லத் தொடுபவருக்குத்தான் மெசின் அதிகம் அலறும்.

வெட்டித் துண்டாக்கும்போது டூல் சிக்கி உடைகிறது.

எல்லோருக்கும் உடைவது இதில்தான். 2 மி.மீ. பிளேட் போதும். சக்குக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட வெட்டுங்கள். பிளேட் வேலைக்குச் செங்குத்தாக, நுனி சரியாக நடுவில் இருக்க வேண்டும். சாடிலை லொக் செய்யுங்கள். வழமையான வேகத்தில் பாதி. ஒயில் தாராளமாக. நிறுத்தி நிறுத்திக் குத்தாமல் ஒரே சீராக உள்ளே போங்கள், சுருள் வெளியே வரும்வரை தயங்க வேண்டாம். ஆழம் கூடினால் பிளேட்டைப் பின்னால் எடுத்து, அரை மில்லிமீட்டர் பக்கமாகத் தள்ளி வழியை அகலமாக்கித் திரும்பப் போகலாம். சென்டரில் பிடித்திருக்கும் வேலையை முழுதாக வெட்டாதீர்கள். கடைசியில் அது வளைந்து பிளேட்டை நசுக்கும்.

மரை வெட்ட கியர் கணக்கு எப்படி?

வேண்டிய பிட்சை (ஒரு மரைக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம்) லீட் ஸ்குரூவின் (சாடிலை நகர்த்தும் நீளத் திருகு) பிட்சால் வகுத்தால் வருவதுதான் கியர் விகிதம். லீட் ஸ்குரூ 1.5 மி.மீ. என்று எடுத்துக்கொள்வோம். எம்10க்கு (10 மி.மீ. மெட்ரிக் மரை) பிட்ச் 1.5, எனவே ஒன்றுக்கு ஒன்று. எம்12க்கு 1.75, அதாவது 35க்கு 30. எம்8க்கு 1.25, அதாவது 50க்கு 60. ஓட்டும் சக்கரம் முதலில், ஓடும் சக்கரம் அடுத்து. தண்ணீர்ப் பம்பின் அரை அங்குல, முக்கால் அங்குல பி.எஸ்.பி. (குழாய்) மரை இரண்டுமே அங்குலத்துக்கு 14. அதற்கு 57க்கு 55ஐயும் 35க்கு 30ஐயும் சேர்த்துப் போட்டால் கிட்டத்தட்டச் சரியாக வரும். பிழை ஒரு மரைக்கு ஆயிரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 57 பல் சக்கரம் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். பி.எஸ்.பி.க்கு டூல் 55 பாகை, மெட்ரிக்குக்கு 60.

எம்10 ஒன்றைப் போடுவோம். கம்பியை 9.9க்குக் கடைந்து, முடிவில் 3 மி.மீ. அகலத்தில் ஒரு பள்ளம் எடுங்கள். வேகம் 60 முதல் 100. முதல் ஓட்டம் கீறல் மட்டும். நிறுத்தி ஸ்கேலை வையுங்கள், பத்து மரை 15 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். இங்கே அளக்காமல் போய்க் கம்பியை வீணாக்குபவர்கள் நிறைய. பிறகு 0.2, 0.2, 0.15, 0.1 என்று குறைத்துக்கொண்டு போய், கடைசி இரண்டு ஓட்டம் 0.03. மொத்த ஆழம் 0.92. கடைசியில் நட்டைப் போட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஹாஃப் நட்டை (சாடிலை லீட் ஸ்குரூவோடு பிணைப்பது) திறக்காதீர்கள். டூலை வெளியே எடுத்து, மோட்டரை நிறுத்தி, பின்னோக்கி ஓட்டித் திரும்புங்கள். சக் மரையில் ஏறும் பழைய மெசினில் பின்னோக்கி ஓட்டும்போது மட்டும் கவனம், சக் கழன்று உங்கள் மேல் வரும். எம்.எல்.7இன் மூக்கு அந்த வகை. அதில் ஸ்பிண்டிலின் பின்னால் ஒரு கைப்பிடி செய்து செருகிக் கையால் சுற்றினால் பயமில்லை. தோளுக்கு முட்டும் மரைக்கும் அதுவே நல்ல வழி.

தேய்ந்த பெயரிங் இருக்கையை வெல்டிங் அடித்துக் கடையலாமா?

போகத்துக்குப் போகம் அறுவடை நேரத்தில் வரும் வேலை இது. செய்யலாம், ஆனால் லேத்தில் வைத்து வெல்டிங் அடிக்கவே கூடாது. கரண்ட் ஸ்பிண்டில் பெயரிங் வழியாகப் போய் அதைப் பொத்தல் பொத்தலாக்கும்.

ஷாஃப்டை வெளியே வைத்து 150 முதல் 200 பாகை சூடாக்கி, குறைந்த ஐதரசன் ரொட்டால் நீளவாட்டில் ஒரு வரி, பிறகு நேர் எதிர்ப் பக்கத்தில் ஒரு வரி என்று மாற்றி மாற்றி அடியுங்கள். ஒரே பக்கமாக அடித்தால் ஷாஃப்ட் வளையும். முடிந்ததும் காய்ந்த உமிச் சாம்பலில் புதைத்து ராத்திரி முழுவதும் ஆறவிடுங்கள். உமிச் சாம்பலுக்கு நமது பக்கத்தில் பஞ்சமில்லை. தண்ணீர் ஊற்றி ஆற்றினால் வெல்டு கண்ணாடி மாதிரி இறுகி, டூலையும் தின்னும், பிறகு வெடிக்கவும் செய்யும்.

கடையும்போது முதல் ஓட்டம் கார்பைட்டால், கசடுத் தோலுக்குக் கீழே போகும் ஆழத்தில். மேலோட்டமாகத் தொட்டால் நுனி அந்தத் தோலிலேயே மழுங்கும். 6204 பெயரிங்குக்கு உள்விட்டம் 20, 6205க்கு 25. இரண்டுக்கும் இருக்கை 0.002 முதல் 0.015 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும். 20.10 வந்ததும் நிறுத்திவிட்டுத் தேநீர் குடியுங்கள். 40 பாகை சூடேறிய 20 மி.மீ. ஷாஃப்ட் ஏறத்தாழ 0.01 பெரிதாகக் காட்டும். சூட்டில் சரியாக அளந்தது ஆறியதும் தளர்ந்து போகும். கடைசிக் கடைசலுக்குக் கொம்பவுண்டை வேலையின் நீளவாட்டிலிருந்து 5.7 பாகை திருப்பி வையுங்கள். அதில் 0.10 நகர்த்தினால் ஆழம் 0.01, விட்டம் 0.02 குறையும். கிராஸ் ஸ்லைட்டில் முடியாத நுணுக்கம் இதில் கிடைக்கும்.

வள்ளத்து ஷாஃப்ட் ஸ்டெயின்லெஸில் செய்யலாமா?

வாழைச்சேனை, ஒலுவில் பக்கம் கேட்பது 316 வகை ஸ்டெயின்லெஸ். 304 உப்புத் தண்ணீரில் புள்ளி புள்ளியாக அரிக்கும். புஷ்ஷுக்குச் சாதாரணப் பித்தளை வேண்டாம், கடல்நீரில் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் பஞ்சு மாதிரி மிஞ்சும். கன் மெட்டல் (ஒரு வகை வெண்கலம்) போடுங்கள். ஸ்டெயின்லெஸ் கடையும்போது டூலை ஒரே இடத்தில் நிறுத்தி உரசவிட்டால் அந்த இடம் இறுகிவிடும், பிறகு எந்த டூலும் ஏறாது. ஃபீட் 0.1க்குக் குறைய வேண்டாம், ஆழம் 0.2க்குக் குறைய வேண்டாம்.

என்ன ஒயில்? துரு எப்படித் தடுப்பது?

பெட்டுக்கு ஐ.எஸ்.ஓ. 68 ஹைட்ரோலிக் ஒயில் போதும், தினமும் துடைத்துப் பூச வேண்டும். கிரீஸ் வேண்டாம், சுருளையும் தூசையும் ஒட்டி வைக்கும். பழைய எஞ்சின் ஒயிலும் வேண்டாம், அதில் அமிலமும் கரியும் இருக்கும். வெட்டுவதற்கு சொலுபிள் ஒயில், ஒரு லீற்றர் தண்ணீருக்கு 50 மில்லி. தண்ணீரில் ஒயிலை ஊற்றுங்கள், மாற்றி ஊற்றினால் திரளும். நமது வெக்கையில் சில வாரத்தில் நாறும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் நன்றாக வேலை செய்யும். வார்ப்பிரும்பை எதுவும் ஊற்றாமல் கடையுங்கள்.

நத்தார், பொங்கல் பக்கத்து மழைக் குளிரில் ராத்திரி இரும்பில் வியர்வை பூக்கும். பொலித்தீன் போட்டு மூடினால் உள்ளே ஈரம் அடைந்து அதிகம் துருப்பிடிக்கும். ஒயில் நனைத்த பருத்தித் துணியால் மூடி, மெசினின் கீழே ஒரு 40 வொட் குண்டு பல்பை எரியவிடுங்கள், துணியில் படாமல். சொலுபிள் ஒயில் பட்ட பெட்டை அன்றே துடைக்காவிட்டால் காலையில் செம்மஞ்சள் வரி இருக்கும்.

என்ன உடுத்து நிற்க வேண்டும்?

சாரம் (கைலி) கட்டிக்கொண்டு லேத்தில் நிற்காதீர்கள். வெக்கைக்கு வசதிதான், ஆனால் தளர்ந்த முனை லீட் ஸ்குரூவில் சுற்றினால் நிறுத்த நேரம் இருக்காது. நீளக் கை, தாவணி, துப்பட்டா, மோதிரம், மணிக்கூடு, கோயிலில் கட்டிய காப்பு நூல் எதுவும் கூடாது. கையுறையும் கூடாது, வெட்டுக் காயத்துக்குப் பயந்து போட்டவர்களின் விரலை அதுவே இழுத்திருக்கிறது. சுருளைக் கையால் பிடிக்காமல் வளைத்த கம்பியால் இழுங்கள். கண்ணாடி கட்டாயம். எமரிச் சீலையை வேலையைச் சுற்றிப் பிடிக்காமல், ஒரு பலகைத் துண்டில் வைத்து அழுத்துங்கள்.

சக் சாவியைச் சக்கிலேயே விட்டுவிட்டு மோட்டரைப் போடுவது லேத்தில் மிகப் பழைய விபத்து. சாவியில் ஒரு ஸ்பிரிங் போட்டுவிட்டால், கை எடுத்ததும் தானாக வெளியே விழும்.

எந்த உதிரிச் சாமான் கைவசம் இருக்க வேண்டும்?

மினி லேத்துக்கு ஃபியூஸ், மோட்டர் கார்பன் பிரஷ் ஒரு சோடி, பெல்ட் ஒன்று, 20 பல், 30 பல் பிளாஸ்டிக் கியர் இரண்டிரண்டு. டூல் சிக்கும்போது முதலில் போவது அந்தப் பல்தான். அதை இரும்பாக மாற்ற வேண்டாம், பல் உடையாவிட்டால் அடுத்தது கன்ட்ரோல் போர்ட் போகும். போர்ட் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ வரவேண்டும். சித்திரை, ஐப்பசி இடி மின்னலில் பிளக்கைக் கழற்றி வையுங்கள், சுவிட்சை ஒஃப் செய்தால் மட்டும் போதாது.